ஏரா சென்டா, அடியா மீட்டரா? நிலம் வாங்கி வீடு கட்டுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பாபநாசம் பக்கத்தில் இருக்கும் என் சித்தி ஒரு நாள் காலையில் பதறிப்போய் அழைத்தார். தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் நிலம் ஒரு ஏக்கர். புதிதாக எடுத்த கணினிப் பட்டாவில் 0 - 40.50. “அறுபது சென்ட் எங்கே போயிற்று? பக்கத்து வயல்காரர் சேர்த்துக்கொண்டாரா?” என்று கேட்டார். வக்கீலைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

நிலம் எங்கும் போகவில்லை. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற கணக்கில் இருக்கிறது. கோட்டுக்கு முன்னால் ஹெக்டேர், பின்னால் ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர். சென்ட் கணக்கில் 2.47. ஆகவே 40.50 ஏர் என்றால் 4,050 சதுர மீட்டர். ஒரு ஏக்கரோ 4,047 சதுர மீட்டர்தான். தாத்தா வாங்கிய நிலம் முழுதாக, மூன்று சதுர மீட்டர் கூடுதலாகவே இருக்கிறது. தாத்தா இருந்திருந்தால் ஏக்கர் என்றுகூடச் சொல்லியிருக்க மாட்டார். “மூன்று மா” என்றிருப்பார். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது அவருடைய கணக்கு. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர்.

ஒரே வயலுக்கு மூன்று பெயர். இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றே: “எதற்கு இத்தனை? ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமே, எதைப் பிடிப்பது?” நிலம் வாங்குவது, வீடு கட்டுவது என்ற இரண்டை மையமாக வைத்து இதைப் பார்க்கிறேன். வாழ்நாளில் பெரிய தொகை கைமாறுவது அங்கேதான். ஓர் அளவுத் தவறு அங்கே ஆயிரங்களிலும் லட்சங்களிலும் போய் முடியும்.

எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். ஒன்று, பதிவு அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அந்த அளவு நிற்குமா? இரண்டு, மேஸ்திரி, ஆசாரி, கம்பி கட்டுபவர் ஆகியோரின் கைக்கு அது வருமா? மூன்று, கூட்டிப் பெருக்கும்போது தவறு நுழைய எவ்வளவு இடம் கொடுக்கிறது? நான்கு, சொன்னவுடன் மனக்கண்ணில் தெரிகிறதா? நான்காவதைச் சிலர் அற்பமாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மனதில் தெரியாத அளவைப் பிறர் கூட்டினாலும் குறைத்தாலும் நமக்கு உறைக்காது.

முதல் வழி: அடி, அங்குலம், சென்ட்

களத்தில் இதற்கு நிகரில்லை. செங்கல்லே ஒன்பது, நாலரை, மூன்று அங்குலம் என்று பிறந்தது. சுவரைக் கொத்தனார் “ஒன்பது அங்குலச் சுவர்”, “நாலரை அங்குலச் சுவர்” என்கிறார். ஜல்லி “முக்கால்”, “ஒன்றரை” என்று அங்குலத்தில் வருகிறது. கம்பிக்கு இன்னும் அழகான சொல் உண்டு: நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். “மூன்று நூல் கம்பி” என்றால் 10 மி.மீ., “நாலு நூல்” என்றால் 12 மி.மீ., “ஐந்து நூல்” என்றால் 16 மி.மீ. கம்பியை எடுத்துக் கொடுப்பார்கள்.

இந்த அளவு ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்று யோசித்திருக்கிறேன். வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்பதால் மட்டும் அல்ல. தமிழில் பின்னங்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு: முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம். எல்லாம் பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போகிற எண்கள். அங்குலமும் அப்படியே பிளக்கிறது. அரைக்கால் அங்குலம்தான் ஒரு நூல். பதினாறு அணா ரூபாயும் இதே பிளவில் நின்றது. நம் வாய்க்கு ஏற்கெனவே பழகியிருந்த வழியில் அங்குலம் வந்து உட்கார்ந்துகொண்டது. மீட்டருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. “இரண்டு புள்ளி ஐந்து நான்கு” என்று சொல்லும்போது நாக்கு வேலை செய்கிறது, கண் எதையும் பார்ப்பதில்லை.

சென்ட்டின் கதையும் சுவையானது. 1620-ல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளமுள்ள அளவுச் சங்கிலியை நூறு கண்ணிகளாகப் பிரித்தார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அந்த ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், சரியாக ஆயிரம் சதுரக் கண்ணி. பழைய புலப்படங்களில் (வயலின் அளவு வரைபடங்களில்) பக்க அளவுகள் இந்தக் கண்ணியில்தான் இருக்கும்; ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ‘லிங்க்ஸ்’ என்பார்கள். ஒரு கண்ணி 20 சென்டிமீட்டர் சொச்சம். அதை அடி என்று நினைத்து அளந்தால் மனை ஒன்றரை மடங்கு நீண்டுவிடும்.

இனி, இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகள்.

முதலாவது, புள்ளி. “10.5 அடி” என்று ஒருவர் எழுதுகிறார். அவர் மனதில் இருப்பது பத்தடி ஐந்து அங்குலம். படிப்பவர் பத்தரை அடி என்று எடுத்துக்கொள்கிறார். அது பத்தடி ஆறு அங்குலம். பத்தடி பத்து அங்குலத்தை “10.10” என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது. கால்குலேட்டரில் போட்டால் அது பத்தடி ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். ஒன்பது அங்குலம் காணாமல் போகிறது. பன்னிரண்டை அடிப்படையாகக் கொண்ட அளவைப் பத்தை அடிப்படையாகக் கொண்ட புள்ளியால் எழுதுவதால் வரும் வினை இது. அடியில் எழுதினால் 10 அடி 5 அங்குலம் என்று சொல்லாகவே எழுதுங்கள்.

இரண்டாவது, டைல்ஸ். என் வீட்டிலேயே நடந்தது. கடையில் “இரண்டுக்கு இரண்டு” என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 600 மி.மீ.க்கு 600 மி.மீ. இரண்டடி என்பது 609.6 மி.மீ. ஒரு கல்லில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நான்கு கல் கொண்ட பெட்டியை 16 சதுர அடி என்று கணக்குப் போடுவார்கள், இருப்பது 15.5 சதுர அடி. ஆயிரம் சதுர அடித் தரைக்கு 63 பெட்டி போதும் என்று எங்களுக்குக் கணக்குக் கொடுக்கப்பட்டது. வேண்டியது 65, அதுவும் வெட்டுச் சேதாரம் சேர்க்காமல். கடைசி அறைக்குக் கல் போதாமல் மறுபடி போனபோது அதே வண்ணத்தில் சரக்கு இல்லை. அந்த அறையின் மூலையில் நிறம் சற்றே மாறி நிற்பதை இன்றும் பார்க்கிறேன்.

மூன்றாவது பெரிய செலவு: சட்டத்தின் முன் இந்த அளவுக்கு வலுக் குறைவு. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இரண்டாம் வழி: மீட்டர், ஏர், ஹெக்டேர்

1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே எடையளவுகளுக்கான சட்டம் நிறைவேறியிருந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் மெட்ரிக் அளவையே நாட்டின் அளவாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1979-ல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் ‘யு.டி.ஆர்.’ என்று சொல்வதில், கிராமக் கணக்குகள் ஹெக்டேருக்கு மாறின. கட்டட வரைபட அனுமதி முழுக்க மீட்டரில் இருக்கிறது. வழிகாட்டி மதிப்பைப் பார்க்கப் போனால் சதுர அடிக்கும் சதுர மீட்டருக்கும் இரண்டு விலையும் காட்டுகிறார்கள். முதல் கேள்வியில் மீட்டர் எளிதாக வென்றுவிடுகிறது.

மூன்றாவது கேள்வியிலும் அப்படியே. தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். பெருக்கினால் 4.5 கன மீட்டர், அதாவது 4,500 லிட்டர். தாளே தேவையில்லை. அதே வேலையை அடியில் செய்தால் கன அடியைக் கண்டுபிடித்து 28.3 ஆல் பெருக்க வேண்டும். கம்பியின் எடையும் இப்படித்தான்: மி.மீ. அளவைத் தன்னோடு பெருக்கி 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ. லாரியில் வந்து இறங்கும் கம்பியை எண்ணிப் பார்த்து எடைச்சீட்டோடு ஒப்பிட இது ஒன்று போதும்.

ஆனால் இந்த வழியிலும் மறைமுகச் செலவு இருக்கிறது. அது களத்தில் பிறக்கிறது. பக்கத்தில் ஒரு மீட்டர் இடம் விட வேண்டும் என்று அனுமதி வரைபடம் சொல்கிறது. மேஸ்திரி அதை “மூன்றடி” என்று எடுத்துக்கொள்கிறார். மூன்றடி 91.4 சென்டிமீட்டர்தான். எட்டரை சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. “மூன்றேகால் அடி” என்று தாராளமாக எடுத்தாலும் 99 சென்டிமீட்டர்தான் வருகிறது. கட்டி முடித்தபின் அளவு நாடாவை நீட்டினால் குறைவு தெரியும். சுவரை நகர்த்த முடியாது. ஆகவே மேஸ்திரியிடம் “மூன்றடி நான்கு அங்குலம்” என்று சொல்லுங்கள். அது 101.6 சென்டிமீட்டர். விட வேண்டிய இடத்தை எப்போதும் மேல்நோக்கியே திருப்ப வேண்டும். (மீட்டரில் எழுதிய விதிகளுக்குள்ளும் அடி ஒளிந்திருப்பதைக் கவனித்திருக்கிறேன். உயர்மாடி அல்லாத கட்டடத்துக்குத் தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் வைத்த உயர வரம்பு 18.30 மீட்டர். அது 60 அடி.)

இன்னொரு செலவு, அலகு மாறும்போது அளவு சுருங்குவது. அடுக்குமாடி வீட்டை, சுவர்களையும் மாடிப்படி போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்து, “சூப்பர் பில்ட்-அப் ஆயிரம் சதுர அடி” என்று விற்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டம் வந்தபின் ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு, எழுதியாக வேண்டும். அது சதுர மீட்டரில், 65 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 65 சதுர மீட்டர் 700 சதுர அடி. ஒரே அலகில் 1,000, 700 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்பார்கள். ஒன்று அடியிலும் மற்றொன்று மீட்டரிலும் இருப்பதால் கண் கடந்துபோய்விடுகிறது. மீட்டர் சரியான அளவுதான். மனக்கண்ணில் தெரியாததால் ஏமாறுகிறோம். நான்காவது கேள்வியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

விலையை மாற்றும்போதும் கவனம் வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. அவசரத்தில் பத்து என்று எடுத்தால் ஏழு சதவீதத்துக்கு மேல் பிசகும்.

மூன்றாம் வழி: இரண்டையும் வைத்துக்கொள்வது

நம்மில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறோம், திட்டமில்லாமல். அதைத் திட்டத்தோடு செய்ய வேண்டும் என்பதே என் வாதம். அடியும் மீட்டரும் தனித்தனியே இருக்கும்போது யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும் இடத்தில் நடந்தவை. இரண்டு தடவை தாண்டினால் ஆபத்து இரட்டிப்பு: மீட்டரில் அளந்ததைச் சென்ட்டாக்கி, அந்தச் சென்ட்டை மறுபடி சதுர அடியாக்கும்போது ஒவ்வொரு தாண்டலிலும் ஒரு துண்டு உதிர்கிறது.

ஓர் உதாரணம். மனை 2 ஏர், அதாவது 200 சதுர மீட்டர். தரகர் அதை “ஐந்து சென்ட்” என்கிறார், 4.94 என்று யாரும் பேச்சில் சொல்வதில்லை, அது குற்றமும் இல்லை. பத்திரம் எழுதுபவர் ஐந்து சென்ட் என்பதை 2,178 சதுர அடி என்று துல்லியமாக மாற்றிவிடுகிறார். நிலத்தில் இருப்பதோ 2,153 சதுர அடி. சதுர அடி 2,000 ரூபாய் என்றால் இல்லாத இருபத்தைந்து சதுர அடிக்கு 50,000 ரூபாய் கொடுக்கிறீர்கள். பட்டாவும் பத்திரமும் பொருந்தாமல் பின்னால் வரும் அலைச்சல் தனி.

ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிறந்த அலகு உண்டு. யாரோ ஒருவர் எதையோ வைத்து முதன்முதலில் அளந்த அலகு அது. அதைக் கண்டுபிடித்து அந்த அலகிலேயே எழுதுங்கள், அந்த அலகிலேயே பணத்தைக் கணக்கிடுங்கள். மற்ற அலகை அடைப்புக்குறிக்குள், புரிவதற்காக மட்டும் வையுங்கள். வீட்டு வேலையில் வரும் பொருள்களுக்கு நான் வைத்திருக்கும் அட்டவணை இது:

| பொருள் | பேச்சில் | தாளில் | பணத்தைக் கணக்கிட |
|---|---|---|---|
| வயல், தோட்டம் | ஏக்கர், சென்ட், மா | ஹெக்டேர் - ஏர் | சதுர மீட்டர் |
| சென்னை மனை | கிரவுண்டு (2,400 சதுர அடி) | 222.97 சதுர மீட்டர் | சதுர மீட்டரில் சரிபார்த்துச் சதுர அடி |
| பக்க இடைவெளி | அடி | மீட்டர் | மீட்டர், மேல்நோக்கித் திருப்பி |
| சுவர்க் கனம் | 9, 4½ அங்குலம் | 230, 115 மி.மீ. | எதுவானாலும் சரி |
| கம்பி | நூல் | மி.மீ. | கிலோ |
| டைல்ஸ் | 2×2 அடி | 600×600 மி.மீ. | சதுர மீட்டர் |
| மணல், ஜல்லி | யூனிட் (100 கன அடி) | 2.83 கன மீட்டர் | கன அடி, லாரித் தொட்டியை அளந்து |
| பிளைவுட் | 8×4 அடி | கனம் மி.மீ. | பலகை எண்ணிக்கை |

சுவர்க் கனத்துக்கு ஏன் இவ்வளவு தளர்வு என்றால், ஒன்பது அங்குலம் 228.6 மி.மீ.; வரைபடத்தில் 230. பூச்சிலேயே கரைந்துபோகிற வித்தியாசம். எல்லா முழுமையாக்கலும் ஆபத்தானது இல்லை. ஒரு தடவை மட்டும் நிகழ்வது பொறுத்துக்கொள்ளத்தக்கது. டைல்ஸ் போல நூற்றுக்கணக்கில் பெருகுவதும், இடைவெளி போலச் சட்டத்தில் முட்டுவதும்தான் கடிக்கும்.

யாருக்கு எது?

பழைய வீட்டில் ஒரு திண்ணை, ஒரு குளியலறை சேர்க்கிறீர்கள், ஒரே கொத்தனாரை வைத்துப் பழக்கத்தில் செய்கிறீர்கள் என்றால் அடி, அங்குலத்தை விட்டு நகர வேண்டாம். அவர் கையில் இருக்கும் அளவை மாற்றச் சொன்னால் தவறுகள்தான் கூடும். நிலம் வாங்குகிறீர்கள், பாகம் பிரிக்கிறீர்கள், வங்கிக் கடன் வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் மீட்டர். குறிப்பாக அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் “ஆளுக்கு இரண்டரை சென்ட்” என்று எழுதி முடித்துவிடாதீர்கள்; பக்க அளவுகளை மீட்டரில் போட்டு, வரைபடத்தைப் பத்திரத்தோடு இணையுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு மூன்றாம் வழிதான் சரி. பொறியாளரிடம் இரண்டு அலகிலும் அளவு எழுதிய வேலை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். மாற்றும் வேலை களத்தில் வாய்க்கணக்காக நடக்காமல் மேசையில் ஒரே தடவை நடந்துவிடும். அளவு நாடாவின் ஒரு விளிம்பில் அங்குலமும் மறு விளிம்பில் சென்டிமீட்டரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இலங்கையில் காணி வாங்கும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பேச்சு பேர்ச்சில் நடக்கும். 160 பேர்ச் ஓர் ஏக்கர்; ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. சென்ட் என்று மனதில் வைத்து விலை பேசினால் கணக்கு முற்றிலும் புரண்டுவிடும்.

வீட்டுக்குள்ளே

நிலத்தை விட்டு வீட்டுக்குள் வந்தால் பதற்றம் குறைவு. புடவை ஆறு கெஜம், மடிசாருக்கு ஒன்பது கெஜம் என்றே சொல்லுங்கள். கடைக்காரர் ஐந்தரை மீட்டர் கொடுத்தாலும் அது ஆறு கெஜத்துக்குச் சரியாகவே இருக்கிறது. பூவை முழத்தில் கேளுங்கள். வண்டி கிலோமீட்டரில் ஓடினாலும் ‘மைலேஜ்’ என்கிறோம், கிலோமீட்டர் எழுதிய கல்லை ‘மைல்கல்’ என்கிறோம்; சொல் பழையது, அளவு புதியது, யாருக்கும் நட்டமில்லை.

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும்: குழந்தைக்குக் காய்ச்சல். வெயிலைச் செல்சியஸிலும் காய்ச்சலை ஃபாரன்ஹீட்டிலும் சொல்லிப் பழகியிருக்கிறோம். டிஜிட்டல் வெப்பமானிகள் பலவற்றில் அலகை மாற்றிக்கொள்ளலாம். 39 என்று காட்டுவதைக் குறைவு என்று நினைத்துவிடக் கூடாது; அது 102-க்கும் மேல். 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 40 என்றால் 104. இந்த நான்கையும் வெப்பமானி உறையிலேயே எழுதி ஒட்டிவைக்கலாம். மருத்துவரிடம் சொல்லும்போது எண்ணோடு அலகையும் சொல்லுங்கள். குழந்தையின் எடையைக் கிலோவில் தெரிந்துவைத்திருங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது.

சித்தி வக்கீலைப் பார்க்கப் போகவில்லை. பட்டா நகலின் ஓரத்தில் பேனாவால் ஒரு வரி எழுதி, பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வைத்திருக்கிறார்: “0 - 40.50 = 4,050 சதுர மீட்டர். அப்பா வாங்கிய ஒரு ஏக்கர். அவர் கணக்கில் மூன்று மா.”